எங்கண்ணன் அனுப்பின பீரோ

1

போன வாரம் குடியுரிமை மனு ஒண்ணை எழுத உக்காந்தேங்க. பிறந்த ஊர் விக்கிரமங்கலம், அதுல குழப்பமில்ல. அடுத்த கட்டத்துல மாவட்டம் கேட்டிருந்தான். அங்கதான் மாட்டிக்கிட்டேன். நான் பொறந்தப்ப எங்க ஊரு திருச்சி மாவட்டம். பாலிடெக்னிக் படிச்சப்ப பெரம்பலூர் மாவட்டம். நான் இந்த நியூசிலாந்துக்கு விமானம் ஏறின மறு வருஷம் அரியலூர்னாங்க. அதுக்கு மறு வருஷமே, இல்ல இல்ல பெரம்பலூர்தான்னாங்க. இப்ப என்னடான்னா திரும்பவும் அரியலூராம், இண்டர்நெட்ல செய்தி பாத்தேன். நான் ஒரே இடத்துலதாங்க பொறந்தேன், சத்தியமா. இதை இந்த ஆக்லாந்து ஆபீஸ்காரன்கிட்ட சொன்னா பொய் சொல்றேன்னு நினைப்பான்.

"ஏதாவது ஒண்ண எழுதித் தொலையேன், கட்டத்த ஏன் காலியா விட்டுருக்க?"ன்னாரு எங்க வீட்டுக்காரர்.

"காலின்னு ஒத்த வார்த்தைய எழுதிட்டு நாம பட்ட பாடு போதாதா?"ன்னேன். மனுசனுக்குச் சிரிப்பு தாங்கல. எனக்கும்தான். ஆனா நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே சாப்பாட்டு மேசையில உக்காந்து நான் குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கேன். அந்தக் கதைய ஊர்ல இருக்குற உங்களுக்குச் சொல்லியே ஆகணும். ஏன்னா இந்த ஊர்ல யாருக்குச் சொன்னாலும் பாதிதான் புரியுது.

2

2003-ல இந்த வீட்டை வாங்கினோம். அதுக்கு முன்னாடி மூணு வருஷம் வாடகை வீடு. சோபா, கட்டில், திரைச்சீலை எல்லாம் வீட்டுக்காரம்மாவோடது. எம்பொண்ணு நிலா பால் டம்ளரோட சோபா பக்கம் போனாலே நான் துணியும் கையுமாப் பின்னாடியே ஓடுவேன். ஒரு ஆணி அடிக்க லெட்டர் எழுதி அனுமதி கேக்கணும்னா பாத்துக்குங்க.

சாவி கையில வந்த அன்னைக்கு நான் செஞ்ச முதல் வேலை, சுவத்துல ஒரு ஆணி அடிச்சதுதான். அதுல மாட்ட ஒரு படம் கூட இல்ல. அடிச்சுட்டு நின்னு பாத்தேன். என்னா சந்தோசம்ங்குறீங்க!

வீடு முழுக்க வெறும் தரை. நிலாவுக்கு அப்ப நாலு வயசு, இனியனுக்கு ஒண்ணே முக்கால். ரெண்டும் இந்த ரூமுக்கும் அந்த ரூமுக்கும் கத்திக்கிட்டே ஓடுதுங்க. காலி வீட்டுல சத்தம் ரெண்டு மடங்காத் திரும்பி வருதா, அது அதுங்களுக்குப் பெரிய விளையாட்டு. நானும் ஒரு தடவை கத்திப் பாத்தேன். இவரு எட்டிப் பாத்து, "புள்ளைங்களுக்கு மூணாவதா நீயா?"ன்னாரு.

அப்புறம் ஆரம்பிச்சுது சாமான் வேட்டை. இங்க சனிக்கிழமை காலையில அவங்கவங்க கார் செட்டைத் தொறந்து வெச்சு, பழைய சாமானை வாசல்ல பரப்பி விப்பாங்க. விடிஞ்சதும் நாங்க நாலு பேரும் கார்ல. தள்ளுவண்டியில இனியன், கைய புடிச்சுக்கிட்டு நிலா. சாப்பாட்டு மேசை ஒரு கிழவரோட வாசல்ல கிடைச்சுது. நாங்க பேசி முடிக்குறதுக்குள்ள இனியன் அதோட காலைக் கடிச்சுப் பல்லுத் தடம் பதிச்சுட்டான். அதுக்கப்புறம் வாங்காம வர முடியுமா? அந்தத் தடம் இன்னைக்கும் இருக்கு.

பிள்ளைங்க கட்டிலைக் கடையில வாங்கினோம். இங்க கடையில கட்டில் தர மாட்டான், பலகையும் ஒரு பை நிறைய திருகாணியும் தருவான். எங்க வீட்டுக்காரர் கட்டட வரைபடம் வரையுறவரு. ஊருக்கே வீடு வரையுறவருக்கு அந்தக் கட்டில் படம் புரியல! தலைமாட்டைக் கால்மாட்டுல மாட்டி, கழட்டி, திரும்ப மாட்டி... கடைசியில நாலு திருகாணியக் காணோம். பையன் முழுங்கிட்டானோன்னு எனக்கு உசுரே போயிடுச்சு. வாயில விரலை விட்டுத் தேடுறேன், அவன் கடிக்குறான். கடைசியில பாத்தா நிலா அரிசி டப்பாவுக்குள்ள புதைச்சு வெச்சிருக்கா. கேட்டா, "செடி வரும்"ங்குறா. நாலு அடி வைக்கலாம்னு கையத் தூக்கினேன், சிரிப்பு வந்துடுச்சு.

3

இவ்வளவு சந்தோசத்துலயும் எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதைச் சொல்லணும்னா எங்க ஊர்ப் பழக்கத்தைச் சொல்லணும்.

நம்ம பக்கம் வீட்டுச் சாமான் கடையிலேர்ந்து வராதுங்க, ஆளுங்ககிட்டேர்ந்து வரும். கட்டில் யாரு குடுத்தது, குத்துவிளக்கு யாரு குடுத்தது, அண்டா எந்த மாமன் வெச்சதுன்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு உண்டு. எங்க அண்ணி வாழ வந்தப்ப டிராக்டர்ல பீரோ வந்து இறங்குச்சு. அஞ்சாறு பேரு தூக்க மாட்டாம தூக்கினாங்க. கதவத் தொறந்தா உள்ள நெல்லு, மஞ்சக்கொம்பு, வெல்லம், கல்லுப்பு. ஒரு சின்னக் குடமா இருந்தாலும் பொறந்த வீட்டுலேர்ந்து வெறுசாக் குடுக்க மாட்டாங்க. வெறுசாப் போனா போற வீடும் வெறுசா இருக்கும்னு ஒரு பயம்.

எனக்கு அப்படி எதுவும் வரல. நானாப் பாத்துக்கிட்ட மாப்பிள்ளை. பாலிடெக்னிக்ல கூடப் படிச்சவரு. பெரம்பலூர் பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு, ஒரு சூட்கேசோட கிளம்பினவ நான். எங்கண்ணன் குமரேசன் அன்னைக்குப் பேச்சை நிறுத்தினவருதான். ரெட்டிபாளையத்துல சிமெண்டு ஆலை வேலை அவருக்கு. அப்பா போனப்புறம் என்னைப் படிக்க வெச்சவரே அவருதான், ஷிப்ட் முடிஞ்சு வந்து, தலையெல்லாம் தூசியோட, எனக்கு ஃபீஸ் கட்ட பஸ் ஏறினவரு. அவருக்குக் கோவம் வராம யாருக்கு வரும்? அது எனக்கும் தெரியும். ஆனா அஞ்சு வருஷமாங்க! நிலா பொறந்தா, இனியன் பொறந்தான், ஒரு வார்த்தை இல்ல. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுக் காது குத்த வேண்டிய புள்ளைங்க. அண்ணி மட்டும் போன் எடுப்பாங்க. பின்னாடி அவரு இருமுற சத்தம் கேக்கும். அந்த இருமலைக் கேக்கவே நான் ஞாயித்துக்கிழமையானா போன் போடுவேன்.

வீடு வாங்கினதை அண்ணிகிட்ட சொன்னேன். அடுத்த ஞாயிறு அண்ணி குரலைத் தாழ்த்திக்கிட்டு, "வாசுகி, என்னா கலருல வேணும் ஒனக்கு?"ன்னாங்க.

"எது அண்ணி?"

"பீரோடி! ஒன் அண்ணன் அரியலூர்ல பீரோ அடிக்கச் சொல்லிட்டு வந்துட்டாரு. நெலக்கண்ணாடி வெச்சு, உள்ள லாக்கரோட. கலரு மட்டும் ஒன்னைக் கேக்கச் சொன்னாரு. அவரு கேக்கச் சொன்னாருன்னு சொல்லக் கூடாதுன்னும் சொன்னாரு."

"மயில் கழுத்து நீலம்"ன்னேன். போனை வெச்சுட்டு வீட்டைச் சுத்தி ஓடினேன். நிலாவைத் தூக்கிச் சுத்தினேன். "மாமா பீரோ அனுப்புறாரு!"ன்னேன்.

"எந்த மாமா?"ன்னா அவ. அவ மேல என்ன தப்பு? இங்க காய்கறிக் கடைக்காரரும் அங்கிள், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரும் அங்கிள், கோயில்ல பாக்குற எல்லாரும் அங்கிள். அதெல்லாம் வேற, மாமான்னா வேறன்னு இந்தப் புள்ளைக்கு நான் எதைக் காட்டிச் சொல்றது?

4

வீட்டுக்காரருக்கு என் சந்தோசம் புரிஞ்சுது, பீரோதான் புரியல.

"இங்க சுவத்துக்குள்ளயே அலமாரி இருக்கே வாசுகி. நூறு கிலோ இரும்பு கடல் தாண்டி வரணுமா?"

"வரணும்"ன்னேன். அவ்வளவுதான். அந்த மனுசன் அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. தனக்காகத்தானே என் பொறந்த வீடு போச்சுங்குற குறுகுறுப்பு அவருக்கும் இருந்திருக்கும். அவரோட கூட்டாளி ஒருத்தர் சென்னையிலேர்ந்து இங்க குடிவர்றதுக்குக் கண்டெய்னர் போட்டிருந்தாரு. அதுல ஓரமா ஒரு பீரோவுக்கு இடம் கேட்டு வாங்கினாரு.

கப்பல்காரங்களுக்கு ஒரு ஃபாரம் எழுதிக் குடுக்கணும். சாமான் என்ன, உள்ள என்ன இருக்குன்னு எழுதணும். இவரு எல்லாத்துலயும் கறார். அண்ணிக்கே போன் போட்டுக் கேட்டாரு.

"அக்கா, பீரோவுக்குள்ள ஏதாச்சும் சாமான் வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க தம்பி. துணிமணி, ஏனம், பாத்திரம், எதுவும் வெக்கல."

இவரு 'இரும்பு பீரோ ஒன்று, காலி'ன்னு எழுதி, கீழ கையெழுத்தும் போட்டுட்டாரு.

அண்ணி பொய் சொல்லலைங்க. அதைத்தான் இங்க யாருக்கும் என்னால விளக்க முடியல. நெல்லும் மஞ்சளும் நம்ம கணக்குல சாமானா? அது முறை. பீரோன்னா அதுவும் சேர்ந்ததுதான் பீரோ. நாமதான் கேக்குறப்ப புரிஞ்சுக்கிட்டிருக்கணும். நான் விக்கிரமங்கலத்துல பொறந்து வளந்தவ, பக்கத்துலயே நின்னுக்கிட்டு, 'காலி'ன்னு அவரு எழுதுறதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கே உறைக்கல.

ரெண்டு மாசம் படுக்கை ரூம்ல ஒரு மூலையக் காலியா விட்டு வெச்சோம். டேப் வெச்சு அளந்து, தரையில கோடு ஒட்டினேன். நிலாவும் இனியனும் அந்தக் கோட்டுக்குள்ள பஸ் விளையாடுவாங்க. நான் வேலைக்குப் போயிட்டு வந்ததும் ஒரு தடவை அந்த மூலையப் போயிப் பாப்பேன். பைத்தியம்தான், வேறென்ன.

5

துறைமுகத்துலேர்ந்து போன் வந்துச்சு. வெளிநாட்டுச் செடி, விதை, பூச்சி உள்ள வராம சோதனை போடுற ஆபீசு. விவசாய நாடு இது. ஒரு ஆப்பிள் தோலோட வந்தாலே நிக்க வெச்சுக் கேள்வி கேப்பாங்க.

"உங்க பீரோ காலின்னு எழுதியிருக்கீங்க. உள்ள முளைக்கக்கூடிய விதை இருக்கு. உயிரோட பூச்சியும் இருக்கு. நேர்ல வாங்க."

பிள்ளைங்க ரெண்டையும் அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடினோம். அங்க ரூத்னு ஒரு அம்மா. ஐம்பது வயசிருக்கும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை மேசை, அதுல எல்லாம் பிரிச்சுப் பிளாஸ்டிக் பையில போட்டு வெச்சிருந்தாங்க. ஒரு பை நெல்லு. நல்லா ஊறுது வண்டு. மஞ்சக்கொம்பு. வெல்லம் உருகி ஒட்டிக்கிடந்துச்சு. கல்லுப்பு. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் துளசி, காஞ்சு போயி. நிலக்கடலை தோலோட. அடப்பாவி அண்ணே, ஒரு வயலையே அனுப்பி வெச்சிருக்கியேன்னு எனக்குத் தோணுச்சு.

நெல்லு இருந்த துணிப்பைய ரூத் திருப்பிக் காட்டினாங்க. "இதுல என்ன எழுதியிருக்கு?"ன்னாங்க.

மார்க்கர் பேனாவால, எங்கண்ணன் கையெழுத்து. நிலா, இனியன். அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு. அஞ்சு வருஷமா எம்புள்ளைங்க பேரை வாய் தொறந்து கேக்காதவரு. எங்கிட்ட கேக்கல, ஆனா தெரிஞ்சு வெச்சிருக்காரு. "எம்புள்ளைங்க பேருங்க"ன்னு சொல்றதுக்குள்ள எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு.

முடிஞ்ச வரைக்கும் என் ஓட்டை இங்கிலீசுல சொன்னேன். எங்க ஊர்ல பொறந்த வீட்டுலேர்ந்து எதையும் வெறுசா அனுப்ப மாட்டோம்னேன். அவங்க சாமானா நினைக்கலைன்னேன். ஏமாத்த நினைக்கலைன்னேன். ரூத் முழுசாக் கேட்டாங்க, குறுக்க பேசல. கேட்டுட்டு, "நல்ல பழக்கம்தான். ஆனா இந்தப் பூச்சி வெளியில போனா இங்க உள்ள விவசாயிங்க கதி என்ன?"ன்னாங்க. விவசாயி வீட்டுல பொறந்தவ நான், அதுக்கு மேல வாயத் தொறக்க முடியுமா?

முடிவு இதுதான். உள்ள இருந்த அத்தனையும் எரிச்சாகணும். அந்தப் பேரெழுதின பையும் சேத்துத்தான். பீரோவுக்கு மருந்துப் புகை போட்டுப் பாப்பாங்க. இடுக்குல பூச்சி செத்துச்சுன்னா தருவாங்க. இல்லன்னா பீரோவையும் நசுக்கிடுவாங்க. பதில் தெரிய பத்து நாள் ஆகும். எரிக்கச் சம்மதம்னு கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன்.

அந்தப் பத்து நாளும் நான் வீட்டுல யாரையும் விட்டு வெக்கல. "ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"ன்னு இவர்கிட்ட எகிறினேன். "நீ பக்கத்துலதானே நின்ன?"ன்னாரு. அது இன்னும் எரிச்சல். பையன் சாப்பாட்டைத் துப்பினான், அவனுக்கும் ஒரு கத்தல். மேசையில தலைய வெச்சு அழுதேன். ரெண்டு ஞாயிறு அண்ணிக்குப் போன் போடல. என்னன்னு சொல்லுவேன்? அண்ணன் அஞ்சு வருஷம் கழிச்சுக் கைய நீட்டியிருக்காரு. அந்தக் கையில இருந்ததை எரிக்க நான் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன். இது தெரிஞ்சா அந்த மனுசன் இனிமே ஜென்மத்துக்கும் பேச மாட்டாருன்னு பயந்தேன்.

6

பூச்சி செத்துச்சு. பீரோ பொழைச்சுது. மருந்து வாடை போக ரெண்டு நாள் கதவைத் தொறந்து வெச்சிருந்து, ஒரு புதன்கிழமை மத்தியானம் லாரியில அனுப்பி வெச்சாங்க.

ஆறடி உசர ஆளுங்க ரெண்டு பேரு இறக்கினாங்க. தகரப்பட்டையெல்லாம் வெட்டி எடுத்ததும், அப்பப்பா! ஆக்லாந்து வெயில்ல அந்த மயில் கழுத்து நீலம் மினுமினுங்குது. தெருவே எட்டிப் பாத்துச்சு. பக்கத்து வீட்டு அம்மா, "டெலிபோன் பூத்தா?"ன்னு கேட்டாங்க. நிலா நிலைக்கண்ணாடி முன்னாடி நின்னு நாக்கைத் துருத்தி ஆடுறா. எனக்குச் சிரிக்கவா அழுகவான்னு தெரியல. பொறந்த வீட்டுலேர்ந்து எனக்குன்னு வந்த ஒரே பொருள்ங்க அது.

அடியில சக்கரப் பலகை வெச்சு, வாசல் சரிவுல தள்ளக் கைய வெச்சுட்டாங்க. கதவு தொறந்திருக்கு, உள்ள வெறும் தட்டு. எனக்குச் சுருக்குன்னுச்சு.

"நில்லுங்க, நில்லுங்க! ஒரே நிமிஷம்!"ன்னுட்டு சமையலறைக்கு ஓடினேன். ஒரு படி அரிசி, உப்பு, மஞ்சள்னு எதையாச்சும் வெச்சுத்தான் உள்ள ஏத்தணும். அவசரத்துல மஞ்சப்பொடி டப்பா மூடி தொறக்க மாட்டேங்குது. பல்லால கடிச்சு இழுக்குறேன், மூஞ்செல்லாம் மஞ்சள். அதுக்குள்ள வாசல்ல ஒரே சிரிப்பு. ஓடி வந்து பாத்தா, பீரோ நடுக் கூடத்துல நிக்குது. கீழ்த் தட்டுல காலை மடிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான் இனியன். ரெண்டு கையும் தொடையில, பெரிய மனுசனாட்டம்.

"எறங்க மாட்டேன்னுட்டாரு. இவரும் சாமானோட சேர்த்திதானே?"ன்னு கேக்குறான் லாரிக்காரன். ஒருத்தன் புள்ளைய ஒரு கையால அணைச்சுப் புடிச்சுக்கிட்டு, இன்னொருத்தன் மெதுவாத் தள்ளிக்கிட்டு, நிலா முன்னாடி நடந்து வர, அப்படியே உள்ள கொண்டாந்துட்டாங்க.

மூஞ்சைக் கூடக் கழுவாம போனை எடுத்தேன். ஊர்ல அப்ப காலை நேரம். பயமாத்தான் இருந்துச்சு, ஆனா இனிமே மறைக்குறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். அண்ணி எடுத்தாங்க. "ஏண்டி, ரெண்டு வாரமா எங்கடி போன? பீரோ வந்துச்சா? நெல்லு சிந்தாம வந்துச்சா?"

"பீரோ வந்துடுச்சு அண்ணி. நெல்லு வரல. பூச்சி இருக்குன்னு, உள்ள இருந்த எல்லாத்தையும் இங்க எடுத்து எரிச்சுட்டாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன். அண்ணன்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் பேசல."

பின்னாடி அந்த இருமல். அப்புறம் போன் கை மாறுற சத்தம் கேட்டுச்சு.

"அப்ப வெறுசாவா வூட்டுக்குள்ள வந்துச்சு புள்ள?"

அஞ்சு வருஷம் கழிச்சு எங்கண்ணன் குரல். அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

"இல்லண்ணே. வெறுசா வரல. ஒன் மருமவன் உள்ள உக்காந்து வந்தான். இன்னும் எறங்க மாட்டேங்குறான்."

லைன் போயிடுச்சோன்னு, "அண்ணே? அண்ணே?"ன்னேன். மூக்கை உறிஞ்சுறது கேட்டுச்சு. அப்புறம் சின்ன வயசுல என்னைய அதட்டுவாரே, அதே அதட்டல்.

"கதவச் சாத்திப்புடாத பாப்பா. உள்ள காத்து வராது புள்ளைக்கு."